புறங்கூறலும் இடித்துரையும்



ஊரெல்லாம் கூடித் தேர்வடம் பிடிக்கும் நாள்களில் திருக்கோயிலின் உள்ளே ஒரு காட்சியும் வெளிப்பிராகாரத்தில் வேறொரு காட்சியும் காணப்படுதல் உண்டு. உள்ளே, கருவறையின் முன் நின்று கண்ணீர் மல்க வழிபடுகின்றனர். திருநீறு பெற்று வெளியே வந்து நிழலுள்ள இடமாகப் பார்த்து அமர்ந்தவுடன் பேச்சு வேறு வழியிற் செல்லுகிறது. இன்ன மடத்துத் தலைவர் இப்படியாம்; இன்ன குருக்கள் அப்படியாம்; நேற்றுப் பேசிய சொற்பொழிவாளரின் வீட்டில் நடப்பது ஊருக்கே தெரியுமாம். ஒவ்வொரு வாக்கியமும் ‘ஆம்’ என்றே முடியும். அது கண்டறிந்தவர் உறுதி கூறும் ‘ஆம்’ அன்று. கேட்டதை அப்படியே பிறர்க்குக் கைம்மாற்றி விடுபவர் கூறும் ‘ஆம்’.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் நம்மவரிடையே உண்டு. கோயிற்பொருள் குறைவதைக் கண்ணாரக் காண்பார். சமயத்தின் பெயரால் எளியவர்க்கு இழைக்கப்படும் தீங்கை ஐயமற அறிவார். ஆயினும் வாய் திறவார். ஏன் என்று வினவினால், ‘குருநிந்தை ஆகிவிடுமே, சிவத்துரோகம் ஆகிவிடுமே’ என்பார். அறியாததைப் பேசுதல் ஒரு பிழை. அறிந்ததைப் பேச வேண்டிய இடத்திற் பேசாதிருத்தல் மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் நேரிய வழி யாது என்பதையே இன்று நாம் சிந்திக்கப் புகுகின்றோம்.

சொற்களின் பொருள்

நம் மொழி இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரது பழியைப் பேசுதல் புறங்கூறல். ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் கொண்டுசென்று மூட்டிவிடுதல் கோள். ஊரார் வாயில் உலவும் பழிச்சொல் அலர். பெருமைக்கு உரியதைச் சிறுமைப்படுத்திப் பேசுதல் நிந்தை. இவை யாவும் ஒரு குடும்பத்துச் சொற்கள்.

வேறொரு குடும்பமும் உண்டு. நண்பன் பிழை செய்யுமிடத்து அவன் முகம் நோக்கிக் கடிந்து கூறுதல் கழறல். தலைவன் நெறி தவறுமிடத்து அவன் நெஞ்சிற் படும்படி வன்மையாக உரைத்தல் இடித்துரை. திருவள்ளுவர் புறங்கூறாமையைத் தம் நூலின் 19ஆம் அதிகாரமாக வைத்தார். அவரே பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் தானே கெடுவான் என்னும் கருத்தை வைத்தார். புறங்கூறலை விலக்கிய அதே புலவர் இடித்துரையை வேண்டுகின்றார். எனவே, பெரியோரிடம் குறை காணுதலே பாவம் என்று வாய்பொத்தி இருப்பவர் வள்ளுவர் கருத்தில் பாதியையே கொண்டவர் ஆவர்.

சொல்லின் கடுமையை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. தேன் போன்ற குரலிற் புறங்கூறுவோர் உளர். இடித்துரையோ, பெயருக்கேற்பக் கேட்போர் செவியிற் கடுமையாகவே ஒலிக்கும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அதனை நம் அடியவர் வரலாறுகளிலேயே காண்போம்.

தேவாசிரிய மண்டபத்தில்

திருவாரூர்த் திருக்கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் திருக்கூட்டம் வீற்றிருந்தது. அவ்வழியே வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், இவர்களுக்கு நாம் அடியராகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தில் ஏங்கியவராய், புறத்தே வணங்கி நிற்காமல் இறைவன் திருமுன் நோக்கிச் சென்றார். மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து தலயாத்திரையாக வந்திருந்த விறன்மிண்டர் அதனைக் கண்டார். கண்டவர் மறைவிடம் தேடவில்லை. பக்கத்தில் இருந்தவர் காதில் ஓதவுமில்லை. அடியாரை வணங்காது செல்லும் வன்றொண்டர் இத்திருக்கூட்டத்துக்குப் புறகு என்றார். அவரை ஆண்டுகொண்ட ஆரூர்ப் பெருமானும் புறகு என்றார்.

தம்பிரான் தோழர் என்று உலகமே போற்றிய ஒருவரைக் குறித்துக் கூறப்பட்ட சொல் இது. இதனினும் கடுமையான விமரிசனம் ஒன்று உண்டோ? இருப்பினும் சேக்கிழார் பெருமான் விறன்மிண்டரை நிந்தையாளர் என்று தள்ளவில்லை. நாயனாராக வைத்துப் போற்றினார். காரணம் என்ன? அவர் கண்டதைச் சொன்னார்; கேட்டதையன்று. திருக்கூட்டத்தின் நடுவிற் சொன்னார், திண்ணையிலன்று. தமக்கு வணக்கம் கிடைக்கவில்லை என்று சினக்கவில்லை; அடியார்க்குரிய பெருமை குறையலாகாது என்று சினந்தார். ‘புறகு’ என்ற சொல்லை அவர் கூறினார். ஆயினும் அவர் புறங்கூறவில்லை.

அதனினும் பெரிது சுந்தரர் நடந்துகொண்ட முறை. உள்ளத்தால் வணங்கினேனே, இவர் எப்படி அறிவார் என்று அவர் வழக்காடவில்லை. அடியார்க்கெல்லாம் அடியனாகும் பேற்றை வேண்டினார். இறைவன் முதலடி எடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பாடினார். 11 பாடல்கள் கொண்ட அப்பதிகமே நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதிக்கும், அதன்பின் பெரியபுராணத்துக்கும் வித்தாயிற்று. தனியடியார் 63 பேரையும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் இன்று நாம் வணங்குகின்றோம் என்றால், அவ்வணக்கத்தின் பின்னே ஓர் அடியார் வெளிப்படையாகக் கூறிய கடுஞ்சொல் ஒன்று இருக்கிறது. அதனை ஏற்ற ஒரு பெரியவரின் பணிவும் இருக்கிறது. இது நாம் எந்நாளும் மறக்கலாகாத செய்தி.

சேய்ஞலூரிற் கேளாத கேள்வி

இனி, இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று. மண்ணியாற்றங்கரைச் சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் இளைஞர் ஆத்தி மரநிழலில் மணலாற் சிவலிங்கம் அமைத்து, தாம் மேய்க்கும் பசுக்கள் தாமே சொரிந்த பாலைத் திருமஞ்சனம் ஆட்டி வந்தார். அயலான் ஒருவன் அதனைக் கண்டான். பாலைக் கறந்து மணலில் ஊற்றிப் பாழாக்குகிறான் என்று ஊரிற் சென்று கூறினான். அந்தணர் சபை கூடியது. தந்தை எச்சதத்தன் அழைக்கப்பட்டான். அவன் நடுநடுங்கி மன்னிப்பு வேண்டினான்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. அயலான் பொய் சொல்லவில்லை. மணலின்மேற் பால் ஊற்றப்பட்டது உண்மை. கண் கண்டது மெய். கண்டதற்கு மனம் கொடுத்த பொருளே பொய். அதை அறிந்துகொள்ளச் சபையார்க்கு எளிய வழி ஒன்று இருந்தது. ‘உங்கள் உங்கள் வீட்டுப் பால் குறைந்ததா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாற் போதும். பசுக்கள் வீடுதோறும் முன்போலவே குறைவின்றிப் பால் பொழிந்தன என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அக்கேள்வியைக் கேட்பாரில்லை. மைந்தரை அழைத்து விசாரிப்பாருமில்லை. தந்தை மறுநாள் குராமரத்தில் ஏறி மறைந்திருந்து பார்த்தான், தான் ஏற்கெனவே கொண்ட கருத்தையே அங்கும் கண்டான், கோலெடுத்து அடித்தான், பாற்குடத்தையும் காலால் இடறினான், முடிவில் அக்கால்களை இழந்தான். சண்டேசுர பதம் மகனுக்குக் கிடைத்தது அவன் அன்பின் பயன். ஆயின் ஒரு குடும்பம் அந்நிலைக்கு வந்ததற்கு, விசாரியாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு செய்தியே வாயிலாயிற்று.

இது பழங்கதை என்று கருதற்க. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊருக்கு நாம் திருவிழாச் சொற்பொழிவுக்குச் சென்றிருந்தோம். அம்பாளுக்குச் சாத்திய பட்டுப்புடவையைக் குருக்களின் மகள் தன் திருமண நாளில் உடுத்தியிருந்தாள் என்ற பேச்சு அவ்வூரில் எழுந்திருந்தது. புடவையைப் பலர் கண்டது உண்மை. அன்பர்கள் சாத்தும் புடவைகளைக் கோயிலார் ஏலம் விடுவதும், எவரும் பணம் கட்டி எடுக்கலாம் என்பதும் அவ்வூரார் அனைவரும் அறிந்ததே. ஏலப் பதிவேட்டைப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் சென்றபின் வேறொரு கணக்குக்காகப் பதிவேட்டைத் திறந்தபொழுது, குருக்கள் தம் பெயரிலேயே ஏலம் எடுத்துப் பணம் செலுத்தி இரசீது பெற்றிருந்தது தெரியவந்தது. அதற்குள் அவர் குடும்பத்துடன் வேற்றூர் சென்றுவிட்டார். மாற்று அர்ச்சகர் கிடைக்கும் வரை மாலைக் காலப் பூசை நின்றது. இரசீதைப் பார்த்தவர்கள் வருந்தினார்கள். ஆனால் பழியைப் பரப்பிய வாய்களில் ஒன்றேனும் உண்மையைப் பரப்பப் புறப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை. புறங்கூறலின் இயல்பே அது. பழி கால்நடையாகவே ஊரைச் சுற்றிவிடும். மறுப்புக்கோ பல்லக்கு வைத்து அழைத்தாலும் வரத் தயக்கம். கைப்பேசி வழியே ஒரு நொடியில் நூறு பேருக்குச் செய்தி அனுப்பும் இந்நாளில் இதன் விரைவைச் சொல்லவும் வேண்டுமோ?

கலிக்காமர் கொண்ட சினம்

‘நாங்கள் பொறாமையாற் பேசவில்லை, சமயத்தின்மேல் உள்ள அன்பினாலே பேசுகின்றோம்’ என்று சிலர் கூறுவர். அன்பும் வழி தவறக்கூடும் என்பதற்கு ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாறு சான்று. பரவையார் ஊடலைத் தணிக்கச் சுந்தரர் இறைவனையே தூதனுப்பினார் என்று கேட்ட கலிக்காமர் உள்ளம் கொதித்தார். ஆண்டவனை அடிமை ஏவுவதா என்ற அவர் கேள்வி முறையற்றதன்று. சிவபெருமானிடத்து வைத்த பேரன்பிற் பிறந்தது. அதனாற்றான் சுந்தரரும் அச்செய்தி கேட்டவுடன் தம் பிழையை உடன்பட்டு, அவரோடு தம்மைச் சேர்த்துவைக்குமாறு இறைவனை வேண்டினார்.

ஆனால் கலிக்காமர் அக்கேள்வியைச் சுந்தரரிடம் நேரே கேட்கவில்லை. முகம் காணாமலே சினத்தை வளர்த்தார். வளர்ந்த சினம் கேள்வியை விழுங்கிவிட்டது. இறைவன் தந்த சூலை நோயைச் சுந்தரர் ஒருவரே தீர்க்கவல்லார் என்று அருளியபோதும், அவரால் தீர்வதினும் நோயோடு இருத்தலே நன்று என்றார். அவர் வருகின்றார் என்று அறிந்தவுடன் வாளாற் குடலைக் கிழித்து மாண்டார். அதனைக் கண்ட சுந்தரர் தாமும் அவ்வாளை எடுத்தபொழுது, இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் ஒருவர் காலில் ஒருவர் வீழ்ந்தனர். அன்று முதல் நண்பராயினர். இருவர் உயிரும் போகும் எல்லைவரை வந்த பகை, இருவரும் முகத்துக்கு முகம் கண்ட கணத்தில் முடிந்தது. நல்ல நோக்கம் உடையார்க்கும் நேர்ப்பேச்சு இன்றியமையாதது என்று இவ்வரலாறு கற்பிக்கின்றது.

வேடத்தை வணங்குதலும் காவலும்

இவ்விடத்து ஒரு தடை எழும். ‘மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் கொல்ல வந்த முத்தநாதனையும் திருநீற்றுக் கோலம் கருதி வணங்கினாரே. வேடம் பொய்யாயினும் வணங்கத்தக்கது என்பதன்றோ நம் கொள்கை? அவ்வாறாயின் சமயக் கோலம் பூண்டவரைக் குறைகூறலாமா?’ என்பர். இத்தடைக்கு நாம் விடைகூறியே ஆகவேண்டும். இன்று பல தீங்குகள் மறைந்து வாழ்வது இத்தடையின் நிழலிலேதான்.

திருக்கோவலூர் அரண்மனையில் நிகழ்ந்ததை உற்று நோக்குக. மெய்ப்பொருளார் கொடுத்தது தம் உயிரை. தம் உயிரைக் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் தம் குடிமக்களின் உயிரையோ கோயிலின் பொருளையோ பிறர் வீட்டுக் குழந்தையையோ அவ்வேடத்துக்குக் காணிக்கையாக வைக்கவில்லை. வாயில் காத்த தத்தன், அரசர் துயிலும் சமயம் இது, தருணம் அறிந்து செல்லவேண்டும் என்று அவ்வேடதாரியைத் தடுத்துப் பார்த்தான். அவன் செய்தது வேட நிந்தை என்று சேக்கிழார் எங்கும் கூறவில்லை. காவலன் காவலனாக இருத்தலும் பக்தியே. தன்னைத் தருதல் தியாகம். பிறரைத் தந்துவிட்டு அதற்குப் பக்தி என்று பெயரிடுதல் தியாகம் ஆகாது.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவும் மயக்கம் நீங்கி அன்பு மிக்கவர்களின் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழும்படி கூறுகின்றது. அங்கே அன்பு மிக்கவர் என்ற அடை வாளா வந்ததன்று. வேடத்துக்கு வணக்கம் உண்டு. வேடத்துள் மறைந்து செய்யப்படும் கொடுமைக்கு வணக்கம் இல்லை. திருநீற்றை வணங்கிய கையே முறையீட்டையும் எழுதலாம். அதனால் திருநீற்றின் பெருமை குறையாது; காக்கப்படும்.

கல்லில் எழுதிய கடமை

இவ்வாறு கேட்பதற்கு அடியார்க்கு என்ன உரிமை என்பார் சிவன்கோயிற் சுவர்களைப் பார்க்க வேண்டும். விளக்கெரிக்கவும் அமுதுபடிக்கும் நந்தவனத்துக்கும் கொடுக்கப்பட்ட கொடைகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறி முடிக்கையில், ‘இது பன்மாகேசுவர ரட்சை’ என்று பல இடங்களில் முடிக்கின்றன. மாகேசுவரர் என்பார் சிவனடியார். அடியார் அனைவரது காவலில் இவ்வறம் வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அரசனோ அதிகாரியோ மட்டும் காவலர் அல்லர். திருநீறு அணிந்து அச்சுவரைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் அந்த ஆவணத்திற் கையெழுத்திடாத காவலரே.

உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினர் சிலரும் மீண்டும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று விதிக்கின்றன. கணக்குக் கேட்டல் அவமதிப்பு என்று அக்காலத்தவர் எண்ணவில்லை. கணக்குக் காட்டாமையே அவமதிப்பு என்று எண்ணினர்.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இவ்வெல்லையிலேயே கோடு கிழித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் அவதூற்றைக் குற்றமாக வகுத்து, அதற்குப் பத்து விலக்குகளையும் வைத்தது. பொதுநன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது. உரிய அதிகாரம் உடையவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படும் முறையீடும் அவதூறு ஆகாது என்பன அவற்றுட் சில. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தின் 356ஆம் பிரிவிலும் இவ்விலக்குகள் தொடர்கின்றன. குழந்தைகளின்மீது நிகழும் பாலியற் குற்றம் பற்றியோ 2012ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்லுகிறது. அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவியாமை தண்டனைக்குரியது. குற்றம் செய்தவர் காவி அணிந்தவரா, பூணூல் அணிந்தவரா, உருத்திராக்கம் அணிந்தவரா என்று அச்சட்டம் பார்ப்பதில்லை. தருமமும் பார்ப்பதில்லை.

கேள்வி போய் வசை நின்ற கதை

முறையான கேள்வியும் வசையாகத் திரிந்துவிடுவது உண்டு. நம் சமய வரலாற்றில் அண்மைக் காலத்து நிகழ்ந்த அருட்பா மருட்பாப் போர் அதற்கு எடுத்துக்காட்டு. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867ஆம் ஆண்டில் திருவருட்பா என்னும் பெயரோடு திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. அப்பெயர் மூவர் தேவாரம் முதலிய பன்னிரு திருமுறைக்கே உரியதன்றோ என்ற வினா எழுந்தது. அது சான்றோர் அவையில் வைத்து ஆராயத்தக்க வினாவே. 1869ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. அடிகள் 1874லும் நாவலர் 1879லும் மறைந்த பின்னரும் கண்டனங்களும் மறுப்புகளும் ஓயாமல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சாகிக்கொண்டிருந்தன.

நாவலர் சைவத்துக்கு ஆற்றிய தொண்டு நாம் அளவிடற்கு அரியது. வள்ளலார் அருளிய பாடல்களோ இன்று எத்தனையோ இல்லங்களில் விளக்கின் முன் பாடப்படுகின்றன. இருபாலாரையும் நாம் வணங்குகின்றோம். இருபாலாரையும் வணங்குவதாலேயே இது சொல்லத்தக்கது. ஒரு நூலின் பெயரைப் பற்றிய வினா, ஆளைப் பற்றிய வசையாயிற்று. பின் ஆளைச் சார்ந்தோரைப் பற்றிய வசையாயிற்று. கண்டன நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு முதல் வினா எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. செயலை விட்டு ஆளைப் பற்றும் கணத்தில் இடித்துரை இறந்து நிந்தை பிறக்கின்றது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்வோமாக.

தலைவர்க்கு உரிய கடமை

இதுகாறும் சொல்வோர் கடமை கூறினோம். கேட்போர் கடமையும் உண்டு. தில்லைவாழ் அந்தணர் மரபில் தோன்றிய உமாபதி சிவாசாரியார், பூசை முடித்துச் சிவிகையில், மேளம் முழங்க, பகலில் தீவட்டி பிடிக்கும் வரிசையோடு வந்துகொண்டிருந்தார். தெருவிலிருந்த மறைஞானசம்பந்தர் அதனைக் கண்டு, பட்டுப்போன மரத்தின்மேல் பகற்குருடு போகின்றது என்னும் கருத்துப்படக் கூறினார் என்பது மரபு. தீவட்டிக்காரர் சினந்திருப்பர், சிவிகை தூக்கினோர் சினந்திருப்பர். உமாபதியார் சினக்கவில்லை. சிவிகையினின்று இறங்கி, சொன்னவர் பின்னே சென்று, அவர் திருவடியில் வீழ்ந்து மாணாக்கரானார். சந்தானாசாரியர் நால்வருள் நான்காமவரை நமக்குத் தந்தது ஓர் இடித்துரை.

அவரே பின்னர்ப் பழிக்கும் ஆளானார். குலம் நோக்காது குருவைப் பின்பற்றி, நெசவாளர் இல்லத்துக் கூழின் எச்சத்தை உண்டார் என்று சமூகத்தார் அவரை விலக்கினர். அவர் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். அவரை விலக்கிவைத்த திருவிழாவிற் கொடி ஏறவில்லை என்றும், அவரை அழைத்துவர அவர் கொடிக்கவி பாடியபின் ஏறியது என்றும் மரபு கூறும். மெய்யான கண்டனம் வந்தபொழுது சிவிகையிலிருந்து இறங்கினார். பொய்யான பழி வந்தபொழுது பழித்தவரைப் பழிக்காமல் தம் தொண்டைச் செய்திருந்தார். சமயத் தலைமை ஏற்போர்க்கு இவ்விரண்டும் வேண்டும். கேள்வி கேட்டவனையெல்லாம் சமயத் துரோகி என்று முத்திரையிடும் தலைவர், தம்மைத் திருத்தக்கூடிய ஒருவரையும் அருகில் வைத்துக்கொள்ளாதவர் ஆவார். கணக்கேட்டைத் திறந்து வைப்பவரிடம் வதந்தி நெடுநாள் நிற்பதில்லை.

நாம் நம்மைக் கேட்க வேண்டியவை

பெரியோர் ஒருவரைப் பற்றி நாவெடுக்கும் முன் நான்கு வினாக்களை நம் நெஞ்சிடம் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முதலாவது: நாம் கண்டதா, கேட்டதா? கண்டதேயாயினும் அதன் பொருளை விசாரித்தோமா? பால் மணலில் விழுந்ததைக் காண்பது எளிது. வீட்டுப் பால் குறைந்ததா என்று கேட்பதே அறிவு.

இரண்டாவது: செயலைப் பேசுகின்றோமா, ஆளையும் குலத்தையும் குடும்பத்தையும் பேசுகின்றோமா? செயலை நீக்கினாற் பேச ஒன்றும் எஞ்சாது என்றால் அது இடித்துரை. செயலை நீக்கியபின்னும் பேசிக்கொண்டிருக்க நிறைய இருந்தால் அது நிந்தை.

மூன்றாவது: யாரிடம் பேசுகின்றோம்? இங்கே ஒரு பாகுபாடு வேண்டும. பிறர்க்குத் தீங்கு செய்யாத சிறு குறையாயின், அவரிடமே தனிமையிற் பணிவோடு கூறுக. பொதுப்பொருளும் பொதுமுறையும் பற்றியதாயின், கேட்கும் பொறுப்புடைய அறங்காவலரிடமோ அதிகாரியிடமோ பெயரிட்டுக் கையெழுத்திட்டு எழுதுக; தேவையாயின் சபையிற் கூறுக. எளியவர்க்கு இழைக்கப்படும் கொடுமையாயின், முதலில் அவரிடமே தனியே சென்று சொல்லுவோம் என்று காலந்தாழ்த்தற்க. அது பாதிக்கப்பட்டவரை மிரட்டி அடக்குவதற்கு அவகாசம் கொடுத்ததாகவே முடியும். அங்கே சட்டத்தின் வாயிலே நாம் செல்லவேண்டிய வாயில். திண்ணை எந்தக் குறைக்கும் உரிய இடமன்று.

நான்காவது: எதற்காகப் பேசுகின்றோம்? இக்குறை பொய்யென்று நாளை தெளிவானால் நம் நெஞ்சு மகிழுமா, ஏமாற்றம் அடையுமா? மகிழும் என்றால் அஞ்சாது பேசலாம். ஏமாற்றம் அடையும் என்றால், நாம் விரும்பியது திருத்தத்தையன்று, வீழ்ச்சியை. அந்நிலையில் நாவை அடக்குதலே தவம்.

இந்நான்கும் தேறிய சொல்லைச் சொல்லாது விடுதல் பக்தியாகாது. தேறாத சொல்லைச் சொல்லுதல் சமயத் தொண்டும் ஆகாது.

அன்பர்களே! ஐந்தெழுத்தை ஓதும் நாவும் பிறரைப் பற்றிப் பேசும் நாவும் வேறுவேறல்ல. நமக்கு இறைவன் தந்தது ஒரு நாவே. கோயிலின் உள்ளே திருப்புகழ் பாடிய அந்நாவை வெளிப்பிராகாரத்திலும் தூய்மையாக வைத்திருப்போமாக. விறன்மிண்டரைப் போல் முன்னின்று சொல்லும் துணிவையும், சுந்தரரைப் போல் பிழையுணர்ந்து பணியும் பெருமையையும், உமாபதியாரைப் போல் சிவிகையிலிருந்து இறங்கும் எளிமையையும் நமக்கும் நம் தலைவர்க்கும் ஆரூர்ப் பெருமான் அருள்வானாக. பன்மாகேசுவரரின் காவலில் வைக்கப்பட்ட இத்திருக்கோயில்கள் காப்பார் குறைவின்றி என்றும் விளங்குவனவாக.

திருச்சிற்றம்பலம்.